பந்தயம் முடிந்தது, இனி வீடு!

மணிக்கு 70 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடும் நாய் உண்டு என்றால் நம்புவீர்களா?

உண்டு! அதன் பெயர் கிரேஹவுண்டு.

சிறுசேரிக்குப் போகும் பழைய மகாபலிபுரம் சாலையில், காலை நேரத்தில் எந்த பஸ்சும் அந்த வேகத்தில் போவது இல்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பி, சில விநாடிகளில் அந்த வேகத்தை எட்டிவிடும் நாய் அது.

ஆனால் அதே நாயை ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து விடுங்கள்.

மாடிப்படியைக் கண்டால் அப்படியே நின்றுவிடும். ஏறவும் தெரியாது, இறங்கவும் தெரியாது. நிலைக் கண்ணாடியைக் கண்டால் மிரளும். கண்ணாடிக் கதவு இருப்பது தெரியாமல் போய் மோதிக்கொள்ளும். மிக்சி ஓடினால் நடுங்கும்.

ஏன் இப்படி?

அது வீட்டைப் பார்த்ததே இல்லை! பிறந்தது கொட்டடியில், வளர்ந்தது கூண்டில், ஓடியது பந்தயத் திடலில். நாலு சுவரும், நாற்காலியும், நாலு மனிதர்களும் உள்ள வீடு என்பது அதற்குப் புதிய உலகம்.

இப்படிப்பட்ட நாய்களை வீட்டுக்கு அழைத்துவந்து, வாழப் பழக்குவது பல நாடுகளில் இன்று பெரிய தொண்டாக நடக்கிறது.

பொம்மை முயல்

நாய்ப் பந்தயம் மிகப் பழைய விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், இன்று நடக்கும் பந்தயத்துக்கு வயது நூறு சொச்சம்தான்.

அந்தக் காலத்தில் உயிருள்ள முயலை ஓடவிட்டு, அதன் பின்னால் நாய்களை ஏவுவார்கள். அமெரிக்காவில் ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்பவர், முயலுக்குப் பதிலாக இயந்திரத்தில் ஓடும் பொம்மை முயலை உண்டாக்கினார். 1919-ம் ஆண்டு, கலிபோர்னியாவில் எமரிவில் என்ற ஊரில் அந்தப் பொம்மையை வைத்துப் பந்தயத் திடல் திறந்தார். 1926-ம் ஆண்டு இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கும் அது வந்து சேர்ந்தது. அப்புறம் என்ன? கூட்டம்! பணம்! சூதாட்டம்!

பொம்மையைப் பிடிக்க நாய் ஓடும். பொம்மை கிடைக்கவே கிடைக்காது. மறுநாளும் ஓடும்.

இரண்டு, மூன்று ஆண்டுகள் இப்படி ஓடினால் கால் ஓய்ந்துவிடும். அல்லது எலும்பு முறியும். அப்போது நாய்க்கு வயது நாலோ, ஐந்தோதான். கிரேஹவுண்டு 10 முதல் 13 ஆண்டு வரை உயிர் வாழும். மிச்சம் உள்ள வாழ்நாளில் அதற்குச் சோறு போடுவது யார்?

பந்தயக்காரர்கள் போடவில்லை. ஓட முடியாத நாய்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டன.

இதைப் பார்த்து மனம் பொறுக்காதவர்கள், அந்த நாய்களுக்கு வீடு தேடத் தொடங்கினார்கள். ஓய்வு பெற்ற கிரேஹவுண்டுகளுக்காகவே இங்கிலாந்தில் 1975-ம் ஆண்டு ஓர் அறநிலையம் ஏற்பட்டது. இன்றும் அது நடந்துவருகிறது.

மக்காவ் நகரில் 500 நாய்கள்

சீனாவின் தென்கரையில் மக்காவ் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. சூதாட்டத்துக்குப் பெயர் பெற்றது.

அங்கே "கேனிட்ரோம்" என்ற நாய்ப் பந்தயத் திடல் இருந்தது. அங்கு ஓடிய நாய்களில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலும் விமானமும் ஏறி வந்தவை. வருவதற்கு வழி இருந்தது. போவதற்கு வழி இல்லை. தோற்ற நாயை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள்.

"அனிமா" என்ற விலங்கு நலச் சங்கத்தினர் பல ஆண்டுகள் விடாமல் போராடினார்கள். 2018 ஜூலை மாதம் திடல் மூடப்பட்டது.

திடல் மூடியாயிற்று. ஆனால் உள்ளே இருந்த 500-க்கும் மேற்பட்ட நாய்களை என்ன செய்வது?

இங்கேதான் உண்மையான வேலை ஆரம்பமானது! ஒவ்வொரு நாய்க்கும் மருத்துவச் சோதனை, காகிதம், கூண்டு, விமானச் சீட்டு. இத்தாலிக்கும், பிரிட்டனுக்கும், அமெரிக்காவுக்கும் நாய்கள் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பப்பட்டன. முன்பின் தெரியாத குடும்பங்கள் விமான நிலையத்தில் காத்திருந்து அவற்றை அழைத்துப் போயின.

அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. "நாய்ப் பந்தயம் வேண்டுமா, வேண்டாமா?" என்பது கேள்வி. வேண்டாம் என்று 100-க்கு 69 பேர் வாக்களித்தார்கள்! 2020 டிசம்பர் 31-ந் தேதியோடு அங்கே பந்தயம் நின்றது. நியூசிலாந்து அரசாங்கமும் பந்தயத்துக்கு முடிவு கட்டப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது.

நம்மூர் உறவுக்காரர்கள்

"இது வெள்ளைக்காரன் நாயின் கதை, நமக்கு என்ன?" என்று கேட்கலாம்.

நம்மிடமும் கிரேஹவுண்டுக்கு உறவு முறை உள்ள நாய்கள் உண்டு. கிரேஹவுண்டு மோப்பம் பிடித்து வேட்டையாடும் நாய் அல்ல. கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய். சிப்பிப்பாறையும், கன்னியும் அதே வகை. ஒட்டிய வயிறு, நீண்ட முகம், நெடுங்கால், சாட்டை போன்ற வால்! பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் என்றே சொல்வீர்கள்.

சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஊர். அந்த ஊர்ப் பெயரே நாய்க்கும் ஆயிற்று. கருப்பு உடலில் செம்மண் நிறக் கால்கள் இருந்தால் கன்னி என்பார்கள்; வெளிர் நிறமாக இருந்தால் பால்கன்னி. கரிசல் காட்டில் முயல் விரட்டுவதும், தோட்டத்தைக் காப்பதும் இவற்றின் வேலை. கூழும் கஞ்சியும்தான் கூலி.

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயல் வேட்டை குற்றம் ஆயிற்று. முயலுக்கு நல்ல காலம்! நாய்க்கு வேலை போயிற்று. கிராமங்களில் இவற்றை வளர்ப்பவர்கள் குறைந்தார்கள்.

இந்த நாய்கள் அழிந்துபோகாமல் காக்க, தமிழக அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை சென்னை சைதாப்பேட்டையில் ஒரு நாய் இனப்பெருக்க நிலையம் நடத்தியது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்கள் அங்கே வளர்க்கப்பட்டன. நாய்கள் அங்கு வைக்கப்பட்டிருந்த நிலையைப் பற்றி விலங்கு நல ஆர்வலர்கள் வழக்குப் போட்டார்கள். 2016-ம் ஆண்டு, நிலையத்தை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

சில மாதங்களில் காற்று வேறு பக்கம் அடித்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் திரண்டார்கள். நாட்டு மாடு, நாட்டு நாய் என்ற பேச்சு ஊரெங்கும் எழுந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம்முடைய வானொலிப் பேச்சில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களின் பெயரைச் சொல்லிப் புகழ்ந்தார். கேட்க வேண்டுமா? குட்டிகளுக்குக் கிராக்கி ஏற்பட்டது!

குட்டியாக இருக்கும்போது எல்லாம் அழகு. எட்டு மாதத்தில் அது இரண்டரை அடி உயரத்தில் எழுந்து நிற்கும். சோபாவைத் தாண்டும். மதிலைத் தாண்டும். புதிய ஆளைக் கண்டால் ஒதுங்கும். பூனையைக் கண்டால் நிற்காது.

"இது நமக்குச் சரிப்படாது" என்று சிலர் முடிவு செய்கிறார்கள். ஒரு நாள் அதிகாலையில் காரில் ஏற்றிக்கொண்டு போய், எங்கோ சாலையோரத்தில் இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். வெள்ளை ராஜபாளையத்துக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. அந்த இனத்தில் சில குட்டிகள் காது கேளாமலே பிறக்கும். கூப்பிட்டால் வரவில்லை என்று அடி வாங்கி, கடைசியில் தெருவுக்கு வந்த நாய்களும் உண்டு.

12-வது மாடியில்

இப்படி மீட்கப்பட்ட ஒரு சிப்பிப்பாறையை, சிறுசேரியில் 12-வது மாடியில் இருக்கும் ஒரு குடும்பம் எடுத்து வளர்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் அம்மாவும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒரு பையன், ஒரு பாட்டி.

நாய்க்கு முதல் எதிரி யார் தெரியுமா? தரை!

பளபள என்ற டைல்ஸ் தரையில் நீண்ட கால்கள் வழுக்கும். ஒருமுறை வழுக்கி விழுந்தால், அடுத்த அறைக்குப் போகவே பயப்படும். கோணிச் சாக்கு, கயிற்றுப் பாய், ரப்பர் விரிப்பு என்று எதையாவது பாதை போலப் போட்டுவிட்டால் போதும். இரண்டு நாளில் வீடு முழுவதும் நடக்கும்.

இரண்டாவது எதிரி லிப்டு. கதவு தானாகத் திறக்கிறது, தானாக மூடுகிறது, தரை அசைகிறது. இழுத்து ஏற்றக் கூடாது. திறந்த லிப்டுக்குள் வீட்டுக்காரர் முதலில் போய் நிற்க வேண்டும். அது தானே வரும்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவசரப்படுவார்கள். படட்டும்!

மீட்ட நாய்களை வளர்த்துப் பழகியவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்.

முதல் மூன்று நாள் அதற்குப் பயம். சாப்பிடாமல் மூலையில் கிடக்கும். மூன்று வாரத்தில் வீட்டு நேரம் தெரிந்துவிடும்: எப்போது சோறு, எப்போது நடை, யார் எப்போது வருவார்கள் என்பதெல்லாம். மூன்று மாதம் ஆனால்தான் "இது நம் வீடு" என்ற எண்ணம் வரும். அதுவரையில் விருந்தாளிகளைக் கூப்பிட்டு நாயைக் காட்டுவது கூடாது. பெரும்பாலோர் செய்யும் தவறு அதுதான். முதல் ஞாயிற்றுக்கிழமையே இருபது பேரைக் கூட்டிவிடுகிறார்கள்!

பாட்டிக்கும் நாய்க்கும் சிநேகம் சீக்கிரம் பிடித்துவிடும். காரணம் எளிது. பாட்டி வேகமாக நடப்பது இல்லை. சத்தம் போடுவது இல்லை. எப்போதும் வீட்டில் இருக்கிறார்.

பையனுக்கு மட்டும் ஒரு கண்டிப்பு வேண்டும். தூங்கும் நாயைத் தொடக் கூடாது. கிரேஹவுண்டு இனத்து நாய்களில் சில கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும்! விழித்திருக்கிறது என்று நினைத்துத் தட்டினால், திடுக்கிட்டுக் கடித்துவிடலாம். கோபத்தில் அல்ல, கனவில். கூண்டில் தனியாகப் படுத்த நாய்க்கு, பக்கத்தில் ஒரு கை வரும் என்பது தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அது தலையைத் தூக்கிய பிறகு போகலாம்.

இவ்வளவு வேகமாக ஓடும் நாய் அடுக்கு மாடியில் எப்படி இருக்கும் என்ற சந்தேகம் எல்லோருக்கும் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், கிரேஹவுண்டு மகா சோம்பேறி! ஒரு நாளில் முக்கால்வாசி நேரம் படுத்துத் தூங்கும். வேட்டை நாயின் ஓட்டம் ஒரு நிமிஷ ஓட்டம். மீதி நேரம் ஓய்வு. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி நடை போதும். சிறு வீடு அதற்குக் குறை அல்ல. காலை 8 மணிக்குப் பூட்டிய கதவு இரவு 9 மணிக்குத் திறப்பதுதான் குறை.

"நாய்க்குச் சாப்பாடு போடுறதில்லையா?"

நாய் வந்து ஒரு வாரம் ஆவதற்குள், கீழே செக்யூரிட்டி கேட்பார்:

"என்னங்க சார், நாய்க்குச் சாப்பாடே போடுறதில்லையா? எலும்பு தெரியுதே!"

இந்த இனத்துக்கு விலா எலும்பு கொஞ்சம் தெரிவதுதான் ஆரோக்கியம். கொழுக்க வைத்தால் மெல்லிய கால்கள் பாரம் தாங்காது. ஊரில் கேப்பைக் கூழும் கம்மங்கூழும் குடித்து வளர்ந்த பரம்பரை! சோறு, முட்டை, எலும்பு நீக்கிய வேகவைத்த கோழிக் கறி, கொஞ்சம் தயிர் ஆகியவை போதும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகிய மூன்றும் நாய்க்கு விஷம். வெந்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும்.

அதன் மேல் கொழுப்பும் இல்லை. அடர்ந்த முடியும் இல்லை. தரையில் படுத்தால் முழங்கை புண்ணாகும். பழைய மெத்தை ஒன்று வேண்டும். மார்கழிக் குளிரில் பழைய பனியன் ஒன்றைப் போட்டுவிட்டால் நன்றாகத் தூங்கும்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியது

கிரேஹவுண்டை எடுத்து வளர்ப்பவர்கள் மறக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு.

மயக்க மருந்து! சில வகை மயக்க மருந்துகள் இந்த இனத்தின் உடம்பில் எளிதில் கரையாது. மற்ற நாய் ஒரு மணி நேரத்தில் எழுந்தால், இது நெடுநேரம் எழாது, உயிருக்கே ஆபத்தாகலாம். கருத்தடை ஆபரேஷனுக்குப் போகும்போதே, "இது கிரேஹவுண்டு வகை" என்று டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ரத்தமும் வித்தியாசமானது. சிவப்பு அணுக்கள் மற்ற நாய்களைவிட அதிகம். ஓடுவதற்கு நிறையப் பிராண வாயு வேண்டும் அல்லவா? அதற்காக இயற்கை செய்த ஏற்பாடு. இதனால் அமெரிக்காவில் ஓய்வு பெற்ற கிரேஹவுண்டுகள் மற்ற நாய்களுக்கு ரத்த தானம் செய்கின்றன! சென்னையிலும், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விலங்குகளுக்கு ரத்த வங்கி இருக்கிறது.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியை எந்த நாயானாலும் ஆண்டுதோறும் போட வேண்டும். மீட்ட நாய்க்கு முன்பு போட்டிருப்பார்கள் என்று நம்பி இருக்கக் கூடாது.

தீபாவளி இரவு

புது வீட்டு நாய்க்கு மிகப் பெரிய ஆபத்து எது?

நோய் அல்ல. திறந்த கதவு!

முதல் தீபாவளி. கீழே சரவெடி வெடிக்கிறது. பலகாரத் தட்டோடு யாரோ மணி அடிக்கிறார்கள். அம்மா கதவைத் திறக்கிறார். அவ்வளவுதான்! கால் இடுக்கில் புகுந்து, படிக்கட்டில் பாய்ந்து, கேட்டைத் தாண்டி, நாய் சாலைக்குப் போய்விடும். படி இறங்கத் தெரியாத நாய் அன்று மட்டும் இறங்கும்.

சாதாரண நாயை விரட்டிப் பிடிக்கலாம். இதை யார் பிடிப்பது? ஒரு நிமிஷத்தில் ஒரு கிலோ மீட்டர்! பழைய மகாபலிபுரம் சாலையில் லாரியும் கம்பெனி பஸ்சும் பறக்கின்றன. ஓடுகிற நாய்க்கு வண்டி கண்ணில் படாது. பயம் ஒன்றுதான் தெரியும்.

ஆகவே பண்டிகை நாளில் மாலை 5 மணிக்கே நடையை முடித்துவிட வேண்டும். ஜன்னல் இல்லாத உள் அறை ஒன்றில் மெத்தை போட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வாசல் கதவுக்கு உள்ளே குழந்தைக்குப் போடும் தடுப்பு போல ஒரு சிறு கதவு இருந்தால் இன்னும் நல்லது.

கழுத்துப்பட்டையிலும் கவனம் வேண்டும். இந்த நாய்களுக்குத் தலை சிறுத்து, கழுத்து பெருத்திருக்கும். கடையில் வாங்கும் சாதாரணப் பட்டை, பின்னால் ஓர் இழுப்பு இழுத்தால் தலை வழியாகக் கழன்று வந்துவிடும்! அகலமான, இழுத்தால் இறுகும் பட்டை இதற்கென்று உண்டு. மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டையும் போட்டு, இரண்டையும் கயிற்றில் இணைப்பது நல்லது. வேலி இல்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்கவே கூடாது. சிறுசேரியில் காலி மனை நிறைய இருக்கிறது. காலையில் ஆள் நடமாட்டமும் குறைவு. "கொஞ்சம் ஓடட்டுமே" என்று ஆசை வரும். தூரத்தில் ஓர் ஆட்டுக்குட்டி அசைந்தால் போதும். அப்புறம் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது.

கோடையில் தார்ச் சாலை 9 மணிக்கே கொதிக்கும். நடை 7 மணிக்கு முன்பே முடியட்டும்.

ஐம்பது ரூபாய் அபராதம்

அடுக்கு மாடிச் சங்கங்களில் நாயைப் பற்றித் தகராறு வராத இடம் இல்லை. "நாய் வளர்க்கக் கூடாது", "லிப்டில் ஏற்றக் கூடாது" என்று சில சங்கங்கள் தீர்மானம் போடுகின்றன. அப்படித் தடை போட முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-ம் ஆண்டு தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே நேரத்தில், நாய் அசுத்தம் செய்தால் எடுத்துச் சுத்தம் செய்வதும், கயிற்றோடு கூட்டிப் போவதும் வளர்ப்பவர் பொறுப்பு. லிப்டு மூலையை நனைத்துவிட்டுச் சட்டம் பேசினால் யார் கேட்பார்கள்?

இந்த வாரியத்தின் முதல் தலைவர் யார் தெரியுமா? சிறுசேரிக்கு வடக்கே, திருவான்மியூரில் உள்ள கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல்! பரத நாட்டியத்தால் பெயர் பெற்ற அவர், ராஜ்யசபை உறுப்பினராக இருந்தபோது விலங்குகளுக்காக ஒரு மசோதா கொண்டுவந்தார். பிரதமர் நேரு, அரசாங்கமே முழுமையான சட்டம் கொண்டுவரும் என்று வாக்குறுதி அளித்தார். அப்படிப் பிறந்ததுதான் 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம்.

வளர்த்த நாயைப் பசியால் வாடும்படி தெருவில் விட்டுவிடுவது அந்தச் சட்டப்படி குற்றம். எப்போதும் கட்டிப்போட்டு, நடக்கக்கூட விடாமல் வைத்திருப்பதும் குற்றம்.

தண்டனை என்ன? முதல் தடவையாக இருந்தால் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம்! 1960-ல் 50 ரூபாய் பெரிய பணம். இன்று சிறுசேரியில் இரண்டு வடையும் ஒரு காபியும் சாப்பிட்டால் அந்தப் பணம் தீர்ந்துவிடும். அபராதத்தை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை பல காலமாக இருக்கிறது.

இரண்டு படுக்கை

எடுத்து வளர்க்க நினைப்பவர்கள் முதலில் வீட்டில் உள்ள அனைவரையும் கேட்க வேண்டும். பூனையோ, முயலோ, கோழியோ இருந்தால் இந்த இனம் வேண்டாம். மருத்துவச் செலவுக்கு மாதம் கொஞ்சம் ஒதுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். 1959-ல் தொடங்கிய கிண்டி நீலச் சிலுவைச் சங்கம் முதலான இடங்களில் வீடு தேடும் நாய்கள் எப்போதும் இருக்கின்றன. நாட்டு நாய் வேண்டும் என்று குட்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதற்கு முன்பு, அங்கே ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்.

ஒன்றுக்கு இரண்டு தடவை போய்ப் பாருங்கள். முதல் நாள் கம்பிக்குப் பின்னால் ஒடுங்கி நின்ற நாய், இரண்டாம் நாள் வாலை லேசாக ஆட்டினாலும் ஆட்டும்.

நாய் புது வீட்டில் பழகிவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

வால் ஆட்டுவதை வைத்துச் சொல்ல முடியாது. பயத்திலும் சில நாய்கள் ஆட்டும். சாப்பிடுவதை வைத்தும் சொல்ல முடியாது.

தூக்கத்தை வைத்துச் சொல்லலாம். வந்த புதிதில் சுருண்டு, வாசலைப் பார்த்தபடிதான் படுக்கும். ஒரு காது எப்போதும் நிமிர்ந்தே இருக்கும். நாளாக ஆகக் கால்களை நீட்டும். பிறகு ஒரு நாள் மத்தியானம், கூடத்தின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, மல்லாந்து படுத்து நாலு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி தூங்கும். மேல்நாட்டில் கிரேஹவுண்டு வளர்ப்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் "கரப்பான் தூக்கம்". மருந்து அடித்த கரப்பான் பூச்சி கிடப்பது போலவே இருக்கும்!

பாட்டி அதைச் சுற்றிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போக வேண்டும்.